பதினாறு தவணைகளின் விலை: உண்ணி மூளைக்காய்ச்சல் தடுப்பூசியும் ஒரு குடும்பத்தின் ஓராண்டும்

பின்னணி

சுவீடனில் ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே, கடற்கரையும் காடும் அடுத்தடுத்து அமைந்த ஒரு சிறு நகரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கு 2023இல் நேர்ந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அந்தப் பகுதியின் சுகாதார நிலையத்தில் நான் செவிலியாகப் பணியாற்றுகிறேன். தடுப்பூசி ஆலோசனைக்கு வந்த நாளிலிருந்து, நோய் வந்து ஓராண்டு கழித்து நடந்த மறுபரிசோதனை வரை அவர்களோடு தொடர்பில் இருந்தேன். குடும்பத்தின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

வீட்டில் ஐந்து பேர். கணவருக்கு 44 வயது. பூங்காக்கள், கல்லறைத் தோட்டங்கள், சாலையோரப் புல்வெளிகள் ஆகியவற்றைப் பராமரிக்கும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் ஓராண்டு ஒப்பந்தத்தில் வேலை. மாதச் சம்பளம் வரிக்கு முன் 28,000 குரோனர் (சுவீடனின் நாணயம்). மனைவிக்கு 39 வயது. முதியோர் பராமரிப்பில் முக்கால் நேர வேலை. மகளுக்கு 11, மகனுக்கு 7. கணவரின் தாயாருக்கு 67. பேரப் பிள்ளைகளோடு காட்டோரம் நடப்பதும் கோடையின் கடைசியில் பழம் பறிப்பதும் அவருடைய வழக்கம்.

டிபிஇ என்று இங்கே எல்லோரும் சுருக்கிச் சொல்லும் உண்ணி மூளைக்காய்ச்சல், உண்ணிக் கடியால் பரவும் ஒரு வைரஸ் நோய். சுவீடனில் முதல் நோயாளி 1954இல் கண்டறியப்பட்டார். நெடுங்காலம் ஸ்டாக்ஹோம் தீவுக்கூட்டத்தின் நோயாகவே கருதப்பட்டது. பிறகு மாலரென் ஏரியைச் சுற்றியும், அப்பால் மேற்குக் கரை வரையிலும் பரவியது. 2023இல் நாடு முழுவதும் 595 பேருக்கு நோய் உறுதியானது. அதுவரை எந்த ஆண்டிலும் அத்தனை பேர் பதிவானதில்லை. ஏறத்தாழ ஒரு கோடியே ஐந்து இலட்சம் மக்கள் வாழும் நாட்டில், இது இலட்சத்துக்கு ஐந்துக்கும் மேல். தடுப்பூசித் திட்டம் இல்லாத நிலையில் ஆண்டுக்கு இலட்சத்துக்கு ஐந்து பேரோ அதற்கு மேலோ பாதிக்கப்படும் இடங்களில் எல்லா வயதினருக்கும் தடுப்பூசி போட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட நிலைப்பாடு. சுவீடனில் இது தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. பெரும்பாலானோர் சொந்தப் பணத்தில்தான் போட்டுக்கொள்கிறார்கள்.

நோய்க்கென்று தனி மருந்து கிடையாது. வலியைக் குறைக்கலாம், வலிப்பு வந்தால் கட்டுப்படுத்தலாம், மூச்சுத் திணறினால் செயற்கைச் சுவாசம் தரலாம். மற்றதெல்லாம் காத்திருப்புதான். ஐரோப்பிய வகை வைரஸால் நூற்றில் இரண்டு பேருக்கும் குறைவாகவே இறக்கிறார்கள். ஆனால் பிழைத்தவர்களில் கணிசமானோர் தலைவலி, மறதி, கவனக் குறைவு, கை நடுக்கம், தள்ளாட்டம், செவித்திறன் குறைவு, ஓயாத அசதி என்று ஏதோ ஒன்றை மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் சுமக்கிறார்கள். இறப்பு எண்ணிக்கையை மட்டும் பார்த்து இந்த நோயை எடைபோடுகிறவர்கள் அதன் பெரும்பகுதியைத் தவறவிடுகிறார்கள்.

வசந்தத்தில் எடுத்த முடிவு

மார்ச் மாதம் மனைவி ஆலோசனைக்கு வந்தார். மகளின் பள்ளி வெளிக்கள வகுப்புகளைக் காட்டில் நடத்தும் பள்ளி. மற்ற பெற்றோர் தடுப்பூசியைப் பற்றிப் பேசியதைக் கேட்டுவிட்டு வந்திருந்தார்.

அட்டவணையை விளக்கினேன். முதல் இரண்டு தவணைகள் ஒன்று முதல் மூன்று மாத இடைவெளியில். மூன்றாவது, அடுத்த கோடைக்கு முன். மூன்று ஆண்டுகள் கழித்து ஓர் ஊக்கத் தவணை, அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒன்று. 50 வயதைக் கடந்தவர்களின் உடல் தடுப்பூசிக்கு மெதுவாகவே எதிர்வினை காட்டுவதால், அவர்களுக்குத் தொடக்கத்திலேயே ஒரு தவணை கூடுதலாகப் போட வேண்டும் என்பது இந்நாட்டின் பரிந்துரை. பெரும்பாலானோருக்குக் கையில் வலியோடு முடிந்துவிடும். சிறு குழந்தைகளுக்குச் சில சமயம் ஒருநாள் காய்ச்சல் வரும். முட்டைக்குக் கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், ஏனெனில் இதற்கான வைரஸ் கோழிக் கருவின் உயிரணுக்களில் வளர்க்கப்படுகிறது.

அவர் கைப்பேசியில் கணக்குப் போட்டார். தவணை ஒன்றுக்கு ஏறக்குறைய 400 குரோனர். நான்கு பேருக்கு மும்மூன்று, மாமியாருக்கு நான்கு. மொத்தம் பதினாறு தவணைகள், 6,400 குரோனர். முதல் மூன்று மாதங்களிலேயே அதில் 4,400 போய்விடும். வாடகை ஏறிய ஆண்டு அது. “அக்கா, பிள்ளைகளுக்கு மட்டும் இப்போது போடுவோம். பெரியவர்கள் அடுத்த வருடம் பார்த்துக்கொள்கிறோம்” என்றார்.

அப்படியே முடிவானது. இருந்த தகவலையும் பணத்தையும் வைத்துப் பார்த்தால் இது நியாயமான முடிவுதான். ஆனால் மருத்துவக் கண்ணோடு பார்த்தால் வரிசை வேறாக இருந்திருக்க வேண்டும். இந்த நோய் குழந்தைகளிடம் பெரும்பாலும் மிதமாகவே வருகிறது (எல்லாக் குழந்தைகளும் முழுமையாகத் தப்பிவிடுவதில்லை என்பதும் உண்மை). வயது ஏற ஏறக் கடுமை கூடுகிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை நாள் முழுதும் புல்லிலும் புதரிலும் நிற்பவர் தந்தை. நோய் வந்தால் அதிகம் தாங்க முடியாதவர் பாட்டி. பணம் இரண்டு பேருக்குத்தான் போதும் என்றால் முதலில் நிற்க வேண்டியவர்கள் இவர்கள் இருவரும். ஆனால் எந்தப் பெற்றோரும் அப்படி வரிசைப்படுத்த மாட்டார்கள். அவர்களை அந்த நெருக்கடிக்குத் தள்ளுவது விலை.

இன்னொன்றும் பின்னாளில் தெரியவந்தது. கணவரின் நிறுவனம் நிரந்தர ஊழியர்களுக்கு இந்தத் தடுப்பூசியின் ரசீதைக் காட்டினால் பணத்தைத் திருப்பித் தந்துகொண்டிருந்தது. ஒப்பந்தக்காரர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரே புல்வெளியில், ஒரே இயந்திரத்தோடு, பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்களுக்கு இரு வேறு விதிகள். வேலையினால் தொற்று ஆபத்து இருந்தால், கிடைக்கிற தடுப்பூசியை முதலாளி தன் செலவில் வழங்க வேண்டும் என்பதே இங்குள்ள பணிச்சூழல் விதிகளின் நோக்கம். விதி ஒப்பந்தத்தின் நீளத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் அதைக் கேட்டுப் பெறலாம் என்று அவருக்குச் சொன்னவர் யாருமில்லை.

கோடையில் கவனித்தவை

ஜூலைக் கடைசியில் ஒரு மாலை, குளிக்கும்போது முழங்காலின் பின்மடிப்பில் ஓர் உண்ணியைக் கணவர் கண்டார். இளம் பருவத்து உண்ணி. எள்ளைவிடச் சிறியது. மனைவி கூர்முனை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்தார். முறையாகத்தான் செய்தார். அன்றே எடுத்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று இருவரும் நினைத்தார்கள்.

இந்த நம்பிக்கை எங்கள் பகுதியில் மிகப் பரவலானது. பாதி சரியானதும்கூட. உண்ணி பரப்பும் மற்றொரு நோயான பொரேலியாவுக்கு அது பொருந்தும். அந்தப் பாக்டீரியா உண்ணியின் குடலிலிருந்து மேலேறி நம் உடலுக்குள் வர ஒரு நாள் அளவுக்கு நேரம் எடுப்பதால், சீக்கிரம் பிடுங்கினால் ஆபத்து வெகுவாகக் குறையும். டிபிஇ வைரஸ் உண்ணியின் உமிழ்நீரிலேயே இருக்கிறது. கடித்த சில நிமிடங்களில் உடலில் சேர்ந்துவிடும். சிகிச்சையிலும் இவை எதிரெதிர். பொரேலியாவுக்கு ஆன்டிபயாடிக் உண்டு, இங்கே போட்டுக்கொள்ளத் தடுப்பூசி இல்லை. டிபிஇக்குத் தடுப்பூசி உண்டு, மருந்து இல்லை. கடித்த பிறகு தடுப்பூசி போட்டு அந்தக் கடியின் விளைவைத் தடுக்கவும் முடியாது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் அவருக்குக் காய்ச்சல், உடல்வலி, தலைவலி. ஐந்து நாட்கள் நீடித்தது. எங்கள் நிலையத்தில் மருத்துவர் பார்த்தார். இரத்தத்தில் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் சற்றுக் குறைந்திருந்தன. அழற்சிக் குறியீடு பெரிதாக உயரவில்லை. உண்ணிக் கடியைப் பற்றி மருத்துவர் கேட்டபோது, அன்றே எடுத்தாயிற்று, தோலில் சிவப்பு வளையம் எதுவும் வரவில்லை என்று பதில் வந்தது. வைரஸ் காய்ச்சல், ஓய்வெடுங்கள், தலைவலி கூடினால் உடனே வாருங்கள் என்று அனுப்பப்பட்டார். காய்ச்சல் இறங்கியது. வேலைக்குத் திரும்பினார். ஒரு வாரம் எந்தக் குறையும் இல்லை.

இந்த இடைவெளிதான் நோயின் கையெழுத்து. முதல் கட்டம் சாதாரணக் காய்ச்சலாக வந்து போகும். சிலருக்கு அதோடு முடிந்தும் போகும். மற்றவர்களுக்கு, நலமான சில நாட்களுக்குப் பின், வைரஸ் மூளையையும் அதைச் சுற்றியுள்ள சவ்வையும் தாக்கும் இரண்டாம் கட்டம் தொடங்கும்.

ஆகஸ்ட் நடுவில் ஒரு காலை, வேலைக் கொட்டகையின் பூட்டு எண் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. இரண்டு கோடைகளாகத் தினமும் அழுத்திய நான்கு இலக்கங்கள். சக ஊழியர் திறந்துவிட்டார். மதியம் தலை பிளப்பதுபோல் வலி, வாந்தி, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. மாலை வீட்டில் சட்டைப் பொத்தானைக் கழற்ற முயன்றபோது வலது கை நடுங்கி நடுங்கி விலகியது. மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர், நடுக்கத்தைப் பார்த்துப் பழகியவர். இது வேறு மாதிரி என்று உடனே உணர்ந்து ஆம்புலன்ஸை அழைத்தார்.

மருத்துவமனையில்

காய்ச்சல் 39.6. கழுத்து விறைப்பு. கேள்விகளுக்குத் தாமதமாகப் பதில், சில சமயம் பொருந்தாத பதில். தண்டுவட நீரில் வெள்ளணுக்கள் கூடியிருந்தன. பாக்டீரியாவால் வந்த மூளையுறை அழற்சியோ ஹெர்பெஸ் மூளைக்காய்ச்சலோ ஆக இருக்கலாம் என்பதால் முதல் நாளிலேயே ஆன்டிபயாடிக்கும் வைரஸ் எதிர்ப்பு மருந்தும் தொடங்கினார்கள். அவை இரண்டுக்கும் காத்திருக்க நேரமில்லாத சிகிச்சை வேண்டும் என்பதால் அது சரியான நடைமுறை. மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனையில் டிபிஇ வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் புரதங்கள் உறுதியாயின. இரண்டு மருந்துகளும் நிறுத்தப்பட்டன. அவற்றின் இடத்தில் வைக்க வேறெதுவும் இல்லை.

பதின்மூன்று நாட்கள் படுக்கையில் இருந்தார். முதல் வாரத்தில் ஒருவர் தாங்கினால்தான் நிற்க முடிந்தது. கரண்டியில் எடுத்த கஞ்சி வாய்க்கு வருவதற்குள் பாதி மடியில் கொட்டியது. மகன் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து வர மறுத்தான்.

வீடு திரும்பியபின் நான்கு மாதங்கள் முழு மருத்துவ விடுப்பு, அடுத்த நான்கு மாதங்கள் அரை நேர வேலை, அதற்கடுத்த நான்கு மாதங்கள் முக்கால் நேர வேலை. இது அரிதான போக்கல்ல. சுவீடனில் டிபிஇ நோயாளிகளையும் அதே வயது, பாலினத்தைச் சேர்ந்த மற்றவர்களையும் ஒப்பிட்டு 2022இல் வெளிவந்த ஆய்வு, நோய்வாய்ப்பட்ட முதல் ஆண்டில் மருத்துவமனை நாட்களும் மருத்துவ விடுப்பும் பல மடங்கு கூடியிருந்ததைக் காட்டியது.

கணக்கு

இந்தக் குடும்பத்தின் செலவை அவர்களோடு உட்கார்ந்து கணக்கிட்டேன். தடுப்பூசிக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் பலர் இந்த இடத்தில் தேவைக்கு மேல் சொல்லிவிடுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் குடும்பம் இழந்தது. சிகிச்சைக்கான நேரடிச் செலவு சொற்பம். மருத்துவமனையில் ஒரு நாளுக்கு நூற்றுச் சொச்சம் குரோனர், மருத்துவர் வருகைகளுக்கு ஆண்டு உச்சவரம்பு அப்போது 1,300 குரோனர். சம்பள இழப்புதான் பெரிது. முதல் இரண்டு வாரம் முதலாளியும் அதன்பின் சமூகக் காப்பீட்டு நிறுவனமும் சம்பளத்தில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் தருகின்றன. குறையும் பகுதி மாதம் ஆறாயிரம் குரோனருக்குச் சற்று மேல். முழு விடுப்பு, அரை, கால் எல்லாவற்றையும் சேர்த்தால் ஓராண்டில் வரிக்கு முன் சுமார் 44,000 குரோனர். மனைவி சில மாதங்கள் வேலை நேரத்தைக் குறைத்ததை இதில் சேர்க்கவில்லை.

அடுத்து, பொதுப்பணம். சமூகக் காப்பீடு தந்தது 1,40,000 குரோனருக்கு மேல். மருத்துவமனைப் படுக்கை நாள் ஒன்றுக்குப் பத்தாயிரம் குரோனருக்குக் குறையாமல் ஆகும் என்று வைத்தாலும் பதின்மூன்று நாட்களுக்கு 1,30,000. மறுவாழ்வு சிகிச்சையும் நரம்பியல் மருத்துவர் வருகைகளும் தனி. எப்படிக் கூட்டினாலும் மொத்தச் செலவில் ஆறில் ஐந்து பங்கைத் தாங்கியது பொதுப்பணம்.

எதிர்ப்பக்கத்தில், அவருக்கு மட்டும் மூன்று தவணைகள் போட ஆகியிருக்கக்கூடியது 1,200 குரோனர். அதை முழுவதுமாகக் குடும்பம் தர வேண்டும். நோய் வந்தால் தாங்குவது பெரும்பாலும் அரசு, வராமல் தடுக்கச் செலவிட வேண்டியது குடும்பம். தடுப்பூசியால் மிச்சப்படுத்துபவரும் தடுப்பூசிக்குப் பணம் கட்டுபவரும் ஒருவரல்லர். இந்தப் பிளவுதான் இந்த நிகழ்வின் மையம் என்று நான் கருதுகிறேன்.

44,000க்கு 1,200 என்று காட்டிவிட்டு நிறுத்துவது நேர்மையாகாது. நோய் வந்த வீட்டின் கணக்கு அது. நோய் வராத ஆயிரக்கணக்கான வீடுகளையும் சேர்க்க வேண்டும். ஆபத்துப் பகுதியில் ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒன்று வாய்ப்பு என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இரண்டாயிரத்தில் ஒன்று. 44,000 குரோனர் இழப்பை அதனால் வகுத்தால் ஆண்டுக்கு 22 குரோனர். இதற்காக 6,400 குரோனர் கட்டு என்று பணக் கணக்கை மட்டும் காட்டி எந்த வீட்டையும் ஒப்புக்கொள்ள வைக்க முடியாது. பொதுப்பணத்தையும் சேர்த்தால் ஆண்டுக்கு 160 குரோனருக்கு அருகில் வரும். பத்தாண்டுகளுக்குப் பெருக்கினாலும் மருந்தகத்தில் ஒரு குடும்பம் கொடுக்கும் விலையை எட்டாது.

ஆகவே, பொது ஆபத்து நிலையில் உள்ள எல்லோருக்கும் இந்தத் தடுப்பூசி காசை மிச்சப்படுத்தும் என்று சொல்லக் கூடாது. சொல்ல வேண்டியது வேறு. செலவிடும் பணத்துக்கு எவ்வளவு ஆரோக்கியம் கிடைக்கிறது? ஒருவர் பத்து இருபது ஆண்டுகள் நடுங்கும் கையோடும் கலங்கிய நினைவோடும் வாழ்வதற்கும், அப்படி வாழாமல் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மேலே போட்ட எந்த எண்ணும் தொடவில்லை. ஒரு சமூகம் மற்ற நோய்களில் அந்த வேறுபாட்டுக்குத் தயங்காமல் பணம் தருகிறது. ஸ்டாக்ஹோம் பகுதியை முன்வைத்து 2018இல் வெளிவந்த பொருளாதார ஆய்வு இந்த அளவுகோலைத்தான் எடுத்துக்கொண்டது. மூன்று வயதிலிருந்து குழந்தைகளுக்கு இலவசமாகப் போடும் திட்டம், அது தரும் நலமான வாழ்நாட்களோடு ஒப்பிட்டால் செலவுக்குத் தகுந்தது என்று கண்டது.

மேலும், ஆபத்து எல்லோருக்கும் சமமல்ல. பதிவாகும் நோயாளிகளில் பெரும்பாலோர் தடுப்பூசி போடாதவர்கள். நாட்டின் சராசரியோ போட்டவர்களையும் போடாதவர்களையும் கலந்த எண். போடாதவரின் உண்மையான ஆபத்து சராசரியைவிட அதிகம். அவர் நாள் முழுதும் புதர் வெட்டுபவராகவும் இருந்தால் இன்னும் அதிகம். அத்தகைய ஒருவருக்கு மேலே போட்ட கணக்கின் எல்லா எண்களும் மாறும்.

இன்னொரு தன்மையும் உண்டு. தட்டம்மைத் தடுப்பூசி போட்டவர் பக்கத்து வீட்டுக் குழந்தையையும் காக்கிறார். இந்த நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதில்லை. காட்டெலிகளிடமும் உண்ணிகளிடமும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். ஊரில் எத்தனை பேர் போட்டாலும் போடாதவரின் ஆபத்து இம்மியும் குறையாது. இதை வைத்தே, இது அவரவர் சொந்த விஷயம், அரசு ஏன் பணம் தர வேண்டும் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இது நேர்மாறாகத் தெரிகிறது. பணமுள்ளவர்கள் போட்டுக்கொண்டால் பணமில்லாதவர்களுக்கு அதன் நிழல்கூட விழாது. விலை வைத்தால் நோய் வருமானத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும்.

எல்லோருக்கும் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரியா சான்று. அங்கே ஒரு காலத்தில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கானோர், சில ஆண்டுகளில் 600க்கும் மேற்பட்டோர் இந்த நோயால் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 1981இல் நாடு தழுவிய தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. ஒரு தவணையாவது போட்டவர்கள் 2000க்குப் பிறகு நூற்றுக்கு 85ஐத் தாண்டினார்கள். நோயாளிகள் சில ஆண்டுகளில் ஐம்பது, அறுபது என்ற அளவுக்குக் குறைந்தார்கள். முறையாகப் போட்டவர்களிடம் பாதுகாப்பு 96 முதல் 99 விழுக்காடு என்று கணக்கிடப்பட்டது. 2000 முதல் 2011 வரை மட்டும் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட நோய்கள் தடுக்கப்பட்டன என்பது அந்நாட்டு ஆய்வாளர்களின் மதிப்பீடு. சுற்றியிருந்த நாடுகளில் அதே காலத்தில் நோய் குறையவில்லை. பின்லாந்தின் ஓலாண்ட் தீவுகளில் 2006 முதல் இது இலவசம். சுலோவேனியா 2019இல் சிறு குழந்தைகளுக்கும் நடுவயதினரில் ஒரு பிறப்பாண்டினருக்கும் முதல் மூன்று தவணைகளை இலவசமாக்கியது.

பின்னர் எடுத்த முடிவுகள்

மீதிக் குடும்பம் காத்திருக்கவில்லை. பிள்ளைகள் இருவருக்கும் வசந்தத்திலேயே இரண்டு தவணைகள் முடிந்திருந்தன. மனைவியும் மாமியாரும் செப்டம்பரில் தொடங்கினார்கள். கோடை முடிந்தபின் தொடங்குவது வீண் என்று மாமியார் தயங்கினார். குளிர்காலத்தில் தொடங்கினால் அவசரமில்லாமல் இடைவெளி விட்டுப் போடலாம், அடுத்த வசந்தத்துக்குள் பாதுகாப்பு வந்துவிடும், செலவும் மாதங்களில் பரவும் என்று விளக்கினேன். செலவு பரவும் என்பதுதான் அவரைச் சம்மதிக்க வைத்தது. கணவருக்குத் தடுப்பூசி தேவைப்படவில்லை. நோய் வந்துபோனவர்களுக்கு எதிர்ப்பாற்றல் நீடித்திருக்கும்.

நிறுவனத்தில் தொழிலாளர்களின் பாதுகாப்புப் பிரதிநிதி இந்த நிகழ்வை எழுத்தில் முன்வைத்தார். அவர் கேட்டது இழப்பீடல்ல, ஆபத்து மதிப்பீடு. யார் எத்தனை மணி நேரம் புல்லில் நிற்கிறார்கள், அவர்களில் யாருக்குத் தடுப்பூசி உண்டு என்ற எளிய பட்டியல். ஒரு வாரத்தில் அது தயாரானது. ஒப்பந்தக்காரர்களில் ஒருவர்கூடப் போட்டிருக்கவில்லை. முழுக் குழுவுக்கும் போட ஆகும் செலவு, ஒரே ஊழியர் விடுப்பில் இருந்தபோது மாற்று ஆளைத் தேடவும் பழக்கவும் ஆனதைவிடக் குறைவு என்று நிர்வாகமே ஒப்புக்கொண்டது. தொழில்சார் நலப் பிரிவின் செவிலி நவம்பரில் ஒரு காலை வேலைத்தளத்துக்கே வந்து ஊசி போட்டார். ஒருவர் மறுத்தார். அவர் முடிவு மதிக்கப்பட்டது. இடம் தேடி வந்ததும், வேலை நேரத்திலேயே நடந்ததும், ரசீது என்ற பேச்சே எழாததும் மற்ற எல்லோரையும் வரிசையில் நிறுத்தின.

எங்கள் நிலையத்தில் இரண்டு மாற்றங்கள் செய்தோம். தடுப்பூசி ஆலோசனைக்கு யார் வந்தாலும், வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் பகலில் எங்கே இருக்கிறார்கள், வெளியில் வேலை செய்பவர் இருந்தால் முதலாளியிடம் கேட்டாரா என்பதைக் கட்டாயம் கேட்கிறோம். கோடையில் காய்ச்சலோடு வருபவருக்கு, நலமாகிச் சில நாட்களில் மீண்டும் தலைவலி வந்தால் அதை முதல் காய்ச்சலின் தொடர்ச்சியாகக் கருதி உடனே வர வேண்டும் என்று தமிழ் உட்படப் பல மொழிகளில் எழுதிய ஒரு தாளைக் கொடுக்கிறோம். உண்ணியை அன்றே எடுத்திருந்தாலும் இது பொருந்தும் என்ற வரி அதில் தடித்த எழுத்தில் இருக்கிறது.

ஓராண்டின் முடிவில்

மறுபரிசோதனையில் தலைவலி நின்றிருந்தது. நடை சீராகிவிட்டது. வலது கை நடுக்கம் களைத்திருக்கும்போது மட்டும் வருகிறது. ஆனால் அவர் மாலைக்குள் களைத்துவிடுகிறார். வேலி வெட்டும் இயந்திரத்தை அவர் கையில் கொடுக்க முடியாது என்று நலப் பிரிவு எழுதிக்கொடுத்தது. நிறுவனம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்து, கருவிகளைப் பராமரிக்கும் பட்டறைக்கு அவரை மாற்றியது. முக்கால் நேரம். பெயர்கள் நினைவில் தங்குவதில்லை என்பதால் எல்லாவற்றையும் சிறு குறிப்பேட்டில் எழுதுகிறார். பிள்ளைகளின் பள்ளிக் கூட்டங்களுக்கு அதைக் கையோடு கொண்டுபோகிறார்.

மாற வேண்டியவை

வசந்தத்துக்குத் திரும்பிப் போக முடியுமானால், பணம் போதாத குடும்பத்திடம் நான் இரண்டு கேள்விகளைத்தான் வைப்பேன்: உங்களில் யார் அதிகம் வெளியில் நிற்கிறார், யார் அதிகம் வயதானவர்? அவர்களிடமிருந்து தொடங்கலாம். பிள்ளைகளை விடச் சொல்லவில்லை. வெளியில் நிற்பவரின் தவணைகளுக்கு முதலாளி பணம் தர வேண்டியிருக்கலாம். அப்படியானால் அந்தப் பணம் பிள்ளைகளுக்கு மிஞ்சும். இந்தக் குடும்பத்தில் அந்த 1,200 குரோனர் அப்படித்தான் மிஞ்சியிருக்க வேண்டும்.

ஆபத்து கூடிய பகுதிகளில் மூன்று வயதிலிருந்து எல்லாக் குழந்தைகளுக்கும், முதியவர்களுக்கும் இலவசமாகப் போட வேண்டும் என்பது என் நிலைப்பாடு. மொத்தமாகக் கொள்முதல் செய்யும்போது விலை மருந்தக விலையாக இருக்காது. மேலே போட்ட கணக்கு அந்த அளவுக்குச் சாதகமாகத் திரும்பும். நோய்க்கான செலவை ஏற்கெனவே தாங்குகிற பொதுப்பணமே தடுப்புக்கான செலவையும் தாங்கினால், ஒரே பையில் இரண்டையும் ஒப்பிட்டு முடிவெடுக்க முடியும். இப்போது அந்த ஒப்பீட்டைச் செய்ய வேண்டியவர்கள் வாடகை ஏறிய மாதத்தில் கைப்பேசியில் கணக்குப் போடும் பெற்றோர்.

ஊக்கத் தவணைகளுக்கும் ஏற்பாடு வேண்டும். முதல் மூன்று தவணைகளை ஒழுங்காகப் போட்டுவிட்டு மூன்றாம் ஆண்டில் மறந்துபோகிறவர்கள் ஏராளம். இந்தக் குடும்பத்தின் அடுத்த தேதிகளை எங்கள் பதிவேட்டில் ஏற்றிவிட்டோம். மாமியாரின் நான்காம் தவணை முடிந்தது. பிள்ளைகளுக்கும் மூன்றாவது முடிந்தது. மனைவி தன் மூன்றாம் தவணைக்கு வந்த அன்று, முதியோர் இல்லத்தில் தன்னோடு வேலை செய்யும் இருவரையும் அழைத்து வந்திருந்தார்.